வெள்ளைச் சோறு ஏன் சிவந்தது?
ஒரு யப்பானியத் திரைப்படமும் அதன் வீட்டுப் பிரதியும்

முன்னுரை

ஒரு நூலைப் படித்துவிட்டு "நன்றாக இல்லை" என்கிறோம். நூல் நன்றாக இல்லையா, நாம் படித்த பதிப்பு நன்றாக இல்லையா என்று கேட்பவர் மிகச் சிலரே. திரைப்படத்தைப் பொறுத்தவரை இக்கேள்வி இன்னும் அவசியமானது. வாகரையிலோ ஓட்டமாவடியிலோ வாழும் ஒரு மாணவி உலகத் திரைப்படமொன்றைத் திரையரங்கில் பார்ப்பது அபூர்வம். அவளுக்குக் கிடைப்பதெல்லாம் வீட்டுப் பிரதிதான். முன்பு அது ஒளிநாடாவாக வந்தது. பின்னர் இறுவட்டாக வந்தது. இன்று கையடக்கத் தொலைபேசியில் வருகிறது. அந்தப் பிரதி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அவளுக்கு அந்தப் படமும் இருக்கும்.

யப்பானுக்கும் எங்கள் வீட்டுத் திரைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கிய இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனமே யப்பான் அரசின் உதவியால் அமைந்தது. அந்த யப்பானில் உருவாகி உலகெங்கும் புகழ்பெற்ற ஒரு திரைப்படம், தன் சொந்த நாட்டிலேயே நிறம் மாறிய பிரதியாக வீடுகளுக்குள் நுழைந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அதிலிருந்து இலக்கியம் பயிலும் நாம் கற்றுக்கொள்ளக்கூடியது என்ன என்பதையும் நோக்குகிறது.

பெயரைப் பறிகொடுத்த சிறுமி

'ஸ்பிரிட்டட் அவே' என்று ஆங்கிலத்தில் அறியப்படும் இப்படம் 2001 யூலை 20 ஆம் திகதி யப்பானில் வெளியானது. இயக்கியவர் ஹயாவோ மியாசாகி. தயாரித்தது 1985 இல் நிறுவப்பட்ட ஜிப்லி ஸ்டூடியோ. நண்பர் ஒருவரின் பத்து வயது மகளை மனதில் வைத்தே இதை உருவாக்கியதாக மியாசாகி கூறியிருக்கிறார். 2002 இல் பேர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதைப் பகிர்ந்துகொண்ட இப்படம், 2003 இல் சிறந்த உயிரூட்டற் படத்துக்கான ஒஸ்கார் விருதையும் பெற்றது.

கதை எளிமையானது. பத்து வயதுச் சிறுமி சிஹிரோ, பெற்றோருடன் புதிய ஊருக்குக் குடிபெயர்கிறாள். பழைய தோழிகளைப் பிரிந்த வருத்தத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரின் பின் ஆசனத்தில் படுத்திருக்கிறாள். வழிதவறிய குடும்பம் ஆளில்லாத ஓரிடத்தை அடைகிறது. அங்கே வைக்கப்பட்டிருந்த உணவைக் கேட்பாரின்றி உண்ட பெற்றோர் பன்றிகளாக மாறிவிடுகின்றனர். அவர்களை மீட்பதற்காகச் சிஹிரோ, யப்பானிய நாட்டார் கதைகளில் வரும் ஆவிகள் குளிக்க வரும் விடுதியொன்றில் வேலைக்குச் சேர்கிறாள். விடுதித் தலைவி யுபாபா, அவளுடைய பெயரின் எழுத்துகளைப் பறித்துக்கொண்டு ஒரேயோர் எழுத்தை மட்டும் விட்டுவைக்கிறாள். அன்று முதல் அவள் 'சென்'. தன் உண்மைப் பெயரை மறந்துவிட்டால் அவளால் என்றைக்கும் வீடு திரும்ப முடியாது.

அழுகையும் அச்சமுமாக உள்ளே போன சிறுமி, உழைப்பையும் இரக்கத்தையும் துணிவையும் கற்றுக்கொண்டு வெளியே வருகிறாள். இதனாலேயே இது சிறுபராயம் கடந்து பக்குவமடையும் கதைகளின் வரிசையில் வைத்துப் பேசப்படுகிறது.

நிறங்களுக்குப் பொறுப்பான பெண்

மியாசாகியின் பெயரை அறிந்த பலர் மிச்சியோ யசுதா என்ற பெயரை அறியமாட்டார்கள். 1958 இல் தோயெய் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் ஜிப்லி படங்களின் நிற வடிவமைப்பை ஏற்று நடத்தியவர் இவர். 2016 இல், தம் 77 ஆவது வயதில் காலமானார். ஒரு பாத்திரத்தின் உடை பகலில் என்ன நிறம், விளக்கொளியில் என்ன நிறம், நிழலில் என்ன நிறம் என்று தனித்தனியே தீர்மானிப்பது அவர் பணி. நாம் ஒரு கணம் பார்த்துவிட்டுப் போகும் காட்சியின் பின்னால் இத்தகைய பல நூறு முடிவுகள் இருக்கின்றன.

இப்படத்தின் பாத்திரங்கள் தாளிலே பென்சிலால் வரையப்பட்டு, பின்பு கணினிக்குள் எடுக்கப்பட்டு நிறமூட்டப்பட்டவை. ஆகவே ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவுகளாகக் கணினியில் பதிந்திருந்தது. அந்தக் கணினிப் பதிவு படச்சுருளாக மாறியது. படச்சுருள் திரையரங்கின் விளக்கொளியில் விரிந்தது. பின்னர் வீட்டுப் பிரதிக்காக மீண்டும் மாற்றப்பட்டது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் "இந்த நிறம் இவ்வளவு இருக்கட்டும்" என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. பிரதியெடுத்தல் என்பது பொத்தானை அழுத்தியதும் தானாக நடந்துவிடும் வேலை என்று நாம் எண்ணுவது தவறு.

2002 இல் நடந்தது

2002 யூலை 19 ஆம் திகதி இப்படத்தின் டிவிடி இறுவட்டு யப்பானில் விற்பனைக்கு வந்தது. திரையரங்கில் படத்தைப் பார்த்து மகிழ்ந்த குடும்பங்கள் ஆவலோடு வாங்கின. போட்டுப் பார்த்த பலர் திகைத்துப்போயினர். படம் முழுவதும் ஒரு செந்நிறச் சாயல் படர்ந்திருந்தது. வெள்ளையாக இருக்கவேண்டியவை இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. வானத்தின் நீலம் மங்கியிருந்தது. தம் தொலைக்காட்சிப் பெட்டியே பழுதாகிவிட்டதோ என்று ஐயுறுமளவுக்கு வேறுபாடு இருந்தது.

முறைப்பாடுகள் குவிந்தன. தயாரிப்புத் தரப்போ, இது தவறுதலாக நேர்ந்ததல்ல, திட்டமிட்டுச் செய்த நிற அமைப்பு என்று விளக்கம் கூறியது. வாங்கியவர்களில் சிலர் அதை ஏற்கவில்லை. விவகாரம் கியோட்டோ மாவட்ட நீதிமன்றம் வரை போய், 2004 இல் இணக்கத்தில் முடிந்தது. இணக்கம் வழக்கை முடித்துவைத்தது. எது சரியான நிறம் என்ற கேள்வியை அது முடித்துவைக்கவில்லை.

அக்கேள்வி நாம் நினைப்பதைவிடச் சிக்கலானது. திரையரங்கில் ஒளி திரையில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. தொலைக்காட்சியில் ஒளி நேராக வருகிறது. அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. வெள்ளை நிறத்தின் தன்மையைக் கெல்வின் என்னும் அலகால் அளப்பர். உலகின் பெரும்பாலான நாடுகளில் தொலைக்காட்சிக்கான வெள்ளை 6500 கெல்வின். யப்பானிலோ நீலம் சற்றுத் தூக்கலான 9300 கெல்வின் அமைப்பே நீண்டகாலம் வழக்கில் இருந்தது. எனவே ஒரே இறுவட்டு ஒரு வீட்டில் ஒருவிதமாகவும் மறுவீட்டில் இன்னொருவிதமாகவும் தெரியக்கூடும். இதையெல்லாம் கணக்கில் எடுத்த பின்னரும், திரையரங்கில் தாம் கண்டது இதுவல்ல என்பதே பார்வையாளரின் முறைப்பாடாக இருந்தது.

விடை வர நெடுங்காலம் சென்றது. 2014 யூலை 16 ஆம் திகதி அதே படம் யப்பானில் புளூ-ரே இறுவட்டாக வெளியானபோது அந்தச் செந்நிறம் நீங்கியிருந்தது. இடையில் ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஓடிவிட்டன. 2002 இல் பத்து வயதில், சிஹிரோவின் வயதில், அந்த இறுவட்டைப் பார்த்த ஒரு சிறுமிக்கு 2014 இல் இருபத்திரண்டு வயது. அவளுடைய சிறுபராயம் அந்தச் செந்நிறப் படத்தோடு கழிந்துவிட்டது. குறையுள்ள பிரதியால் ஏற்படும் இழப்பு பணத்தோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நிறம் மாறினால் கதையில் என்ன கெடும்?

"கொஞ்சம் சிவப்பாக இருந்தால் என்ன? கதை விளங்குகிறதுதானே" என்று சிலர் கேட்கலாம். படத்தின் இரண்டு காட்சிகளைக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

முதலாவது, சோற்று உருண்டைக் காட்சி. பெற்றோரை இழந்து, ஒரு வேளை உணவும் உண்ணாது நடுங்கிக்கொண்டிருக்கும் சிஹிரோவுக்கு, ஹக்கு என்னும் சிறுவன் சோற்று உருண்டைகளைக் கொடுக்கிறான். முதலில் மறுக்கிறாள், பிறகு ஒரு வாய் உண்கிறாள், உண்ண உண்ணக் கண்ணீர் பெருகுகிறது. அதுவரை அடக்கிவைத்த அழுகை முழுவதும் அங்கே வெளிப்படுகிறது. பகட்டும் பல நிறமும் நிறைந்த அந்த விடுதிக்கு வெளியே, வீட்டை நினைவூட்டும் ஒரே பொருள் அந்த வெள்ளைச் சோறு. அந்த வெண்மையில் செந்நிறம் ஏறினால், விடுதியின் பகட்டுக்கும் வீட்டின் எளிமைக்கும் இடையிலுள்ள வேறுபாடு குறைந்துவிடுகிறது.

இரண்டாவது, புகையிரதக் காட்சி. தண்ணீர் பரந்து கிடக்கும் வெளியில், நீருக்குள் அமிழ்ந்த தண்டவாளத்தின்மீது புகையிரதம் செல்கிறது. பேச்சு மிகக் குறைவு. சிஹிரோ அமைதியாக அமர்ந்திருக்கிறாள். பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்து இருபுறமும் நீரைப் பார்த்தபடி பயணம் செய்த எங்களுக்கு அந்த அமைதி புதிதல்ல. நீலப் பகலில் தொடங்கும் பயணம் செவ்வானமாகி இருளில் முடிகிறது. தொடக்கத்தில் அழுதுகொண்டிருந்த சிறுமி இப்போது தானே முடிவெடுத்துப் பயணம் செய்கிறாள் என்பதை வசனம் சொல்லவில்லை. பொழுதின் மாற்றமே சொல்கிறது. படம் முழுவதும் செந்நிறம் படர்ந்திருந்தால் மாலை வருவதற்கு முன்பே மாலை வந்துவிடும். பகலும் அந்தியும் ஒன்றுபோலத் தோன்றும்.

பக்குவமடையும் கதையின் உயிர் மாற்றத்திலே இருக்கிறது. எல்லாக் காட்சிக்கும் ஒரே சாயத்தைப் பூசினால் அந்த மாற்றமே மறைந்துபோகிறது. ஆகவே நிறத்தின் தரம் கதைக்கு வெளியிலுள்ள தொழில்நுட்ப விடயமன்று; அது கதையின் பொருளோடு சேர்ந்தது.

இதில் இன்னுமோர் ஆபத்தும் உண்டு. நம் கண் எந்த ஒளிக்கும் பழகிவிடும் இயல்புடையது. மஞ்சள் மின்குமிழின் கீழ் சிறிது நேரம் இருந்தால் வெள்ளைத் தாள் வெள்ளையாகவே தோன்றும். அதுபோலச் சிவந்த படத்தைப் பத்து நிமிடம் பார்த்தால் கண் அதற்குப் பழகிவிடும். எதையோ இழந்தோம் என்பதே நமக்குத் தெரியாமற் போய்விடும். தன் பெயரை மெல்ல மெல்ல மறக்கத் தொடங்கிய சிஹிரோவின் நிலையும் இதுதான்.

நம் வீடுகளுக்கு வந்த பிரதிகள்

யப்பானியக் குடும்பங்களுக்கு ஒரு குறைதான் இருந்தது. நம் பக்கத்து வீடுகளுக்கு வந்த பிரதிகளில் குறைகள் பல. அவற்றுள் முக்கியமானவற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

ஒளிநாடா: ஒரு நாடாவிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று எனப் பிரதியெடுக்கும்போது ஒவ்வொரு முறையும் தெளிவு குறையும். கலியாண வீட்டு வீடியோ மூன்றாம் பிரதியில் மணப்பெண்ணின் முகமே தெரியாத நிலைக்கு வந்ததைப் பெற்றோர் பலர் அறிவர்.

விசிடி: இதில் ஒரு காட்சிச் சட்டத்துக்கு 352 × 288 அல்லது 352 × 240 படப்புள்ளிகளே உண்டு. ஓர் இறுவட்டில் ஏறக்குறைய 74 முதல் 80 நிமிடம் வரையே அடங்கும். 125 நிமிடம் ஓடும் இப்படத்தை இரண்டாகப் பிரித்தே தீரவேண்டும். எந்தக் காட்சியின் நடுவில் இறுவட்டை மாற்ற வேண்டிவரும் என்பது நம் அதிர்ஷ்டம்.

டிவிடி: யப்பானிய முறையில் ஒரு சட்டத்துக்கு 720 × 480, அதாவது 345,600 படப்புள்ளிகள். புளூ-ரேயில் 1920 × 1080, அதாவது 2,073,600. சரியாக ஆறு மடங்கு. பென்சிற் கோட்டின் மென்மையும் பின்னணி ஓவியத்தின் நுணுக்கமும் இந்த ஆறு மடங்கிலேதான் வெளிப்படுகின்றன.

வேகம்: திரைப்படம் ஒரு செக்கனுக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. இலங்கை, இந்தியா முதலிய நாடுகளின் தொலைக்காட்சி முறையோ செக்கனுக்கு 25 சட்டங்கள். இதற்கேற்ப மாற்றும்போது படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவதுண்டு. அப்போது 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து நிமிடம் எங்கே போனது? ஒரு காட்சிகூட வெட்டப்பட்டிருக்காது. ஒவ்வொரு மௌனமும் சிறிது சிறிதாகச் சுருங்கியிருக்கும். குரலும் இசையும்கூடச் சற்று உயர்ந்து ஒலிக்கும்.

அழுத்தம்: கோப்பின் அளவைக் குறைப்பதற்காகத் தகவலைச் சுருக்கும்போது வானம்போன்ற பரந்த நிறப்பரப்புகள் படிக்கட்டுப்போல வரிவரியாகத் தெரியும். கோடுகளின் ஓரத்தில் தூசி பறப்பதுபோன்ற நடுக்கம் தோன்றும். ஒரே நிறப்பரப்பும் கூர்மையான கோடும் நிறைந்த கையோவியப் படங்களில் இக்குறை விரைவில் கண்ணிற்படும்.

தமிழ் மாணவியின் பார்வையில்

இந்தச் சிக்கல் தமிழ் பயிலும் நமக்குப் புதியதன்று. ஏட்டுச் சுவடிகளைப் பார்த்து ஏடெழுதியோர் கை தவறினர், செல் அரித்தது, ஓர் ஊர் ஏட்டில் ஒரு சொல்லும் மற்றோர் ஊர் ஏட்டில் வேறொரு சொல்லும் நின்றன. இவற்றைப் 'பாடபேதம்' என்றனர். 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும், அதே ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்த எம் நாட்டவரான சி. வை. தாமோதரம்பிள்ளையும் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியே எது மூலபாடம் என்று துணிந்தனர். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை 1842 இல் அச்சேற்றிய செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் உழைப்பையும் இங்கே நன்றியுடன் நினைக்கவேண்டும். அவர்கள் செய்த பணியை நாம் அமானிதத்தைப் பேணுதல் என்போம். பிறர் ஒப்படைத்த பொருளைக் கூட்டாமலும் குறைக்காமலும் அடுத்தவர் கையில் சேர்த்தல் அது.

செந்நிற இறுவட்டும் ஒரு பாடபேதமே. 2001 இன் திரையரங்குப் பிரதி, 2002 இன் டிவிடி, 2014 இன் புளூ-ரே ஆகிய மூன்றும் ஒரே நூலின் மூன்று பதிப்புகள். நூலுக்கு விமர்சனம் எழுதும்போது எந்தப் பதிப்பு என்று குறிப்பிடுகிறோம். படத்துக்கு விமர்சனம் எழுதும் மாணவியும் எந்தப் பிரதியைப் பார்த்தாள் என்று ஒரு வரி எழுதுவது நல்லது.

பிரதி கெட்டால் திருத்தலாம். மூலமே அழிந்தால் என்ன செய்வது? நம் நாட்டு அனுபவம் அது. 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது பல படச்சுருள்கள் சாம்பலாயின. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது வாகரைக் கரையோரத்தில் எத்தனை குடும்பங்களின் புகைப்பட அல்பங்கள் போயின என்பதை எங்கள் பெற்றோரே சொல்வார்கள். உறவினர் வீட்டில் இருந்த மங்கிய ஒரு பிரதிதான் சிலருக்கு மிஞ்சியது. அந்த மங்கிய பிரதியின் பெறுமதியையும் நாம் அறிவோம்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. சுமித்ரா பீரிஸ் அவர்கள் 1978 இல் இயக்கிய 'கெஹெனு லமாய்' என்னும் சிங்களத் திரைப்படமும் இளம் பெண்ணொருத்தி பக்குவமடையும் கதையே. 'பெண் பிள்ளைகள்' என்பது அத்தலைப்பின் பொருள். அப்படம் செம்மையாகப் புதுப்பிக்கப்பட்டு, 2025 இல் கான் திரைப்பட விழாவின் செவ்வியற் படங்கள் பிரிவில் திரையிடப்பட்டது. இயக்குநர் 2023 இல் காலமாகிவிட்டார். அவர் இல்லாதபோதும் அவருடைய ஒளியும் நிழலும் மீண்டும் தெளிவாகத் தெரிகின்றன.

செய்து பார்ப்போம்

அடுத்த விடுமுறையில் ஒரு படத்தைப் பார்க்கும்போது பின்வருவனவற்றைச் செய்து, பெறுபேற்றைக் குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள். பெற்றோரும் சேர்ந்து செய்யலாம்.

1. திரையில் வெள்ளைப் பொருளொன்று வரும்போது படத்தை நிறுத்தி, பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்கு அருகே பிடியுங்கள். திரையின் வெள்ளை சிவந்திருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா, நீலமாக இருக்கிறதா?

2. கையடக்கத் தொலைபேசியில் கண்ணுக்கு இதமான இரவு ஒளி அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அது எல்லா நிறத்தையும் மஞ்சளாக்கிவிடும். படம் பார்க்கும்போது அதை நிறுத்திவையுங்கள்.

3. சில்லு, தட்டு, நிலா போன்ற வட்டமான ஒன்றைக் கவனியுங்கள். அது நீள்வட்டமாகத் தெரிந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது.

4. படத்தின் உண்மையான ஓட்ட நேரத்தை அறிந்து, நீங்கள் பார்த்த பிரதியின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். குறைவாயின் காரணம் வெட்டா, வேகமா?

5. ஒரே காட்சியை இரண்டு பிரதிகளில் பார்த்து, வேறுபாடுகளை இரு நிரல்களாக எழுதுங்கள். இதுவே பாடபேத ஆய்வு.

வாங்கும்போதும் தெரிந்தெடுக்கும்போதும் உரிய அனுமதியுடன் வெளியான பிரதியையே நாடுவோம். 2020 முதல் ஜிப்லி படங்கள் நெற்பிளிக்ஸ் மூலம் பல நாடுகளில் கிடைக்கின்றன. இணைய வேகம் குறைந்த நேரத்தில் அதுவும் மங்கலாகவே வரும் என்பதை மறக்கவேண்டாம்.

முடிவுரை

நல்ல கருவி இல்லாதவர் நல்ல கலையைச் சுவைக்க முடியாது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. மங்கிய திரையிலும் சிஹிரோவின் கண்ணீர் நம்மைத் தொடும். ஆனால் நாம் பார்ப்பது ஒரு பிரதி என்ற உணர்வு நமக்கு இருக்கவேண்டும். அந்த உணர்வு இருந்தால், ஒரு படைப்பைக் குறைசொல்லுமுன் "நான் பார்த்தது எந்தப் பிரதி?" என்று நம்மை நாமே கேட்போம். படத்துக்கு மட்டுமல்ல, ஒருவரைப் பற்றி இன்னொருவர் வாயால் கேட்ட செய்திக்கும் இக்கேள்வி பொருந்தும்.

ஹக்கு சிஹிரோவிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: உன் உண்மைப் பெயரை மறந்துவிடாதே. பெயர் அவளிடம் முழுமையாகத் திரும்பி வந்தது. படத்தின் நிறமும் 12 ஆண்டுகளின் பின் திரும்பி வந்தது. இரண்டும் திரும்பி வந்ததற்குக் காரணம், இது அதுவல்ல என்று கண்டுகொண்டவர் இருந்தமையே.